கொட்டகையும் ஆகாயமும்

என் தங்கை பேரன் பட்டணத்தில் கல்லூரியில் படிக்கிறான். விடுமுறைக்கு வந்தால் காதில் இரண்டு குமிழ்களைச் செருகிக்கொண்டு, கண்ணை மூடி, திண்ணைத் தூணில் சாய்ந்துவிடுவான். சாப்பிடக் கூப்பிட்டால் காதில் விழாது. தோளைத் தட்ட வேண்டும். போன கோடையில் ஒரு நாள் அப்படித் தட்டப் போன என்னை அவனே பிடித்து உட்கார வைத்து, ஒரு குமிழைக் கழற்றி என் காதில் வைத்தான்.

"தாத்தா, இதைக் கொஞ்சம் கேளுங்க. முடியற வரைக்கும் ஒண்ணும் சொல்லக் கூடாது."

கேட்டேன். யாரோ ஒருவர் தனியாக உட்கார்ந்து கிட்டாரை மீட்டிப் பாடிக்கொண்டிருந்தார். பெரிய குரல் இல்லை. பக்கத்து அறையில் யாரும் விழித்துக்கொள்ளக் கூடாதே என்று பயந்து பாடுகிறவர் குரல் மாதிரி இருந்தது. தாளம் மட்டும் வித்தியாசமாக இருந்தது. விரலை மடக்கி எண்ணிப் பார்த்தேன், ஏழு வந்தது. நம் ஊரில் மிச்ர சாபு என்கிறோமே, அந்த ஏழு.

"யாரோ வீட்டில் பாடிப் பார்க்கிற மாதிரி இருக்கிறதே" என்றேன்.

"அதேதான் தாத்தா!" என்று குதித்தான். "இது டெமோ. இப்ப ஒரிஜினலைக் கேளுங்க" என்று அதே பாட்டின் முடிந்த வடிவத்தை வைத்தான். காசுகள் கொட்டும் ஓசையும் கல்லாப்பெட்டியின் மணியும் ஒன்றன்பின் ஒன்றாக ஏழு எண்ணிக்கைக்குள் வந்து விழுந்தன. அதன்மேல் பாஸ் கிட்டார் ஏறியது. பிறகு முரசும், வேறொருவரின் கனத்த குரலும், நடுவில் சாக்ஸபோனும். என் திண்ணையே ஒரு பெரிய மண்டபமாகிவிட்டது போலிருந்தது.

பாட்டின் பெயர் 'மணி'. பணம் என்று பொருள். பாடியவர்கள் பிங்க் ஃபிளாய்ட் என்ற ஆங்கிலக் குழுவினர். 1973 மார்ச்சில் அவர்கள் வெளியிட்ட 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' என்ற இசைத்தட்டில் இது வருகிறது. அமெரிக்காவின் பில்போர்ட் பத்திரிகை வெளியிடும் விற்பனைப் பட்டியலில் 1988 வரை 741 வாரங்கள் அந்தத் தட்டு இடம் பெற்றிருந்தது என்றால், எத்தனை திண்ணைகள் எத்தனை மண்டபங்களாயிருக்கும் என்று வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

"எது பிடிச்சிருக்கு?" என்று கேட்டான் பையன்.

"இரண்டாவதுதான். சந்தேகமென்ன?"

"எனக்கு முதல்லது தாத்தா. அதுலதான் உண்மை இருக்கு. இன்னொண்ணு வெறும் மேக்கப்."

இளம் பிள்ளைகள் போகிறபோக்கில் சொல்லும் வார்த்தைகள் சில சமயம் நம் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிடுகின்றன. இது அப்படித் தங்கிவிட்டது. அதற்கு ஒரு தனிக் காரணமும் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் பையன் சொன்னது சரிதானா என்று பார்ப்போம்.

அந்த மாதத்தில் அவனிடம் நான் பாடம் கேட்டுக்கொண்டேன். தாத்தா பேரனிடம் பாடம் கேட்பதில் ஒன்றும் வெட்கமில்லை. பிங்க் ஃபிளாய்ட் குழுவுக்கு ஆகாயத்தோடு பழைய உறவு உண்டு. 1967, 1968-லேயே நட்சத்திரங்களையும் சூரியனையும் பற்றிய பாட்டுகளைப் பாடியிருக்கிறார்கள். 1969 ஜூலையில் மனிதன் நிலவில் இறங்கிய சமயத்தில், பி.பி.சி. தொலைக்காட்சி நிலையத்தில் உட்கார்ந்து, முன்கூட்டி எழுதி வைக்காமல் மனத்தில் தோன்றியபடியே வாசித்தார்கள். இந்த மாதிரி இசைக்கு எதிரொலிதான் மூச்சு. இத்தாலியில் செய்த பின்சன் என்ற பெட்டி ஒன்று இவர்களிடம் இருந்தது. அதற்குள்ளே ஒரு காந்த உருளை சுழலும். போட்ட ஒலியைச் சற்றுத் தாமதித்துத் தாமதித்துத் திருப்பித் தரும். ஒரு சிறிய அறையில் தட்டிய கிட்டார்க் கம்பி எல்லையில்லாத வெளியில் தட்டியது போல ஆகிவிடும். மனித விரல், மனித மூச்சு, மர நாற்காலியின் முனகல் எல்லாம் அந்த வெளியில் கரைந்துபோகும். கேட்கிறவனுக்கு இதை யாரோ செய்தார்கள் என்ற நினைவே வராது. வானம் தானே பாடுவது போலிருக்கும்.

'மணி' பாட்டின் கதையோ அப்படி இல்லை. அதை எழுதியவர் ரோஜர் வாட்டர்ஸ். லண்டனில் தம் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகை ஒன்றில் பதிவுக் கருவிகளை வைத்திருந்தார். அவருடைய அப்போதைய மனைவி மண்பாண்டக் கலைஞர். அந்த அம்மாள் களிமண் பிசைய வைத்திருந்த பாத்திரத்தில் காசுகளை வீசி, அந்த ஓசையைப் பதிவு செய்தார் வாட்டர்ஸ். ஒலிநாடாவை அளந்து வெட்டி, ஒட்டி, வட்டமாகச் சுற்றவிட்டுத்தான் அந்த ஏழு எண்ணிக்கை கிடைத்தது. வெட்டி ஒட்டுவது தையற்காரர் வேலை. களிமண் பாத்திரம் குயவர் வீட்டுச் சாமான். நிலவின் மறுபக்கம் என்று பெயர் வைத்த தட்டின் ஒரு பகுதி இந்த இரண்டிலிருந்தும் பிறந்திருக்கிறது.

இதுதான் டெமோவின் முதல் கவர்ச்சி என்று நினைக்கிறேன். ஆகாயத்துக்குப் பின்னால் ஒரு கொட்டகை இருக்கிறது என்று அது காட்டிக்கொடுத்துவிடுகிறது. அதனால் ஆகாயம் சிறுத்துப் போவதில்லை. கொட்டகைதான் பெரிதாகிறது. நம்மிடமும் ஒரு கொட்டகை இருக்கிறதே, நம் வீட்டிலும் ஒரு பாத்திரம் இருக்கிறதே என்று கேட்கிறவனுக்கு ஒரு தைரியம் பிறக்கிறது.

ஆனால் பையன் சொன்னது இதுவல்ல. டெமோவில்தான் உண்மை இருக்கிறது என்றான். அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. கரடுமுரடாக இருப்பதெல்லாம் உண்மை, வழுவழுப்பாக இருப்பதெல்லாம் பொய் என்று யார் சொன்னார்கள்? காலையில் எழுந்ததும் தலை கலைந்து கிடக்கிறது. சீவிக்கொண்டு வெளியே போகிறோம். சீவிய தலை பொய்த் தலையா? ஒரு மனிதன் கோபத்தில் முதலில் சொல்லும் வார்த்தைதான் அவன் உள்ளம், பிறகு யோசித்துச் சொல்லும் வார்த்தை நடிப்பு என்று வைத்துக்கொண்டால், உலகத்தில் யோசனைக்கே மதிப்பில்லாமல் போய்விடும்.

இன்னொன்றும் உண்டு. அந்தக் கொட்டகைப் பதிவு நமக்கு இவ்வளவு இனிப்பதற்குக் காரணம், முடிந்த பாட்டை நாம் முன்பே கேட்டிருப்பதுதான். அம்மாவின் கல்யாணத்துக்கு முந்திய புகைப்படத்தைப் பார்க்கிறோம். பாவாடை தாவணியில் ஒரு பெண் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். தன்னை யார் கைப்பிடிக்கப் போகிறார்கள், எத்தனை குழந்தைகள், எத்தனை துக்கங்கள் என்று ஒன்றும் அவளுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். அதனால்தான் கண் கலங்குகிறது. டெமோவும் அப்படித்தான். பாடுகிறவருக்குத் தெரியாத எதிர்காலம் கேட்கிற நமக்குத் தெரிந்திருக்கிறது. அந்தப் பாட்டு முடிவு பெறாமலே போயிருந்தால் அந்தப் பதிவை யார் தேடியிருப்பார்கள்? முதல் பிரதியின் அழகு முடிந்த பிரதியிடம் கடன் வாங்கிய அழகு.

இதற்கு விலக்கும் இருக்கிறது. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் என்ற அமெரிக்கப் பாடகர் 1982 ஜனவரியில், நான்கு தடங்கள் கொண்ட ஒரு சாதாரண காஸட் கருவியில், வீட்டிலேயே சில பாட்டுகளைப் பாடிப் பதிவு செய்தார். தம் குழுவுக்குக் கற்றுக்கொடுப்பதற்காகச் செய்த மாதிரி அது. பிறகு குழுவோடு சேர்ந்து பாடிப் பார்த்தால் அந்த உயிர் வரவில்லை. கடைசியில் காஸட்டில் இருந்ததையே 'நெப்ராஸ்கா' என்று தட்டாக வெளியிட்டுவிட்டார். பையன் இதைச் சொல்லி என்னை மடக்கினான். நான் யோசித்துப் பார்த்தேன். அங்கேயும் முடிவு செய்தவர் ஸ்பிரிங்ஸ்டீனே. இது போதும் என்று அவர் கையெழுத்திட்ட நிமிஷத்தில் அது டெமோவாக இருப்பதை நிறுத்திவிட்டது.

ஆக, கேள்வி கரடுமுரடைப் பற்றியதல்ல, கையெழுத்தைப் பற்றியது என்று எனக்குத் தோன்றிற்று. செய்தவன் சம்மதிக்காததை நாம் கேட்கலாமா? பிங்க் ஃபிளாய்ட் குழுவின் பழைய பதிவுகள் 2011-ல் ஒரு பெரிய பெட்டியாக வெளிவந்தன. வாட்டர்ஸின் கொட்டகைப் பதிவும் அதில் இருக்கிறது. அவர் உயிரோடிருந்து வெளிவந்தது. அதில் நமக்கென்ன சங்கடம்? அதே பெட்டியில் ரிச்சர்ட் ரைட் தனியாகப் பியானோ வாசிக்கும் பதிவு ஒன்றும் இருக்கிறது. அந்தோனியோனி என்ற இத்தாலிய டைரக்டரின் 'ஸாப்ரிஸ்கி பாயிண்ட்' படத்துக்காகச் செய்தது. அவர் அதை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார். ஒதுக்கிய அந்தத் துண்டுதான் பின்னால் 'அஸ் அண்ட் தெம்' என்ற பாட்டாக மலர்ந்தது. ரைட் 2008 செப்டம்பரில் காலமாகிவிட்டார். பெட்டி வந்தபோது அவர் இல்லை. அந்தப் பியானோவைக் கேட்கும்போது, யாரும் இல்லாத வீட்டின் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பது போல எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

இப்போது என் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஒரு நண்பன் இருந்தான். அவனும் எழுத்தாளன். இருவரும் ஒரே ஊர், ஒரே வாசகசாலை, ஒரே வெற்றிலைப் பெட்டி. அவன் முதல் நாவல் வந்தபோது ஒரு பத்திரிகையில் நான் மதிப்புரை எழுதினேன். நேர்மை, நேர்மை என்று நாங்கள் எல்லோரும் பிதற்றிக்கொண்டிருந்த வயது அது. நண்பன் என்று பாராமல் எழுதுவதே நேர்மை என்று நினைத்துக் குத்திக் கிழித்துவிட்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளும் வந்து வெற்றிலை போட்டான். நாற்பது வருஷம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினதில்லை. நானும் பேசவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் அவன் போய்விட்டான். அவன் மனைவி ஒரு நாள் ஒரு துணி மூட்டையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணா, இது அவர் கடைசியா எழுதின நாவல். மூணு தடவை எழுதினார். எதை அச்சுக்குக் கொடுக்கறது, எதைக் கொளுத்தறதுன்னு எனக்குத் தெரியலை. நீங்கதான் பார்த்துச் சொல்லணும்."

"வைத்துவிட்டுப் போங்கள் அம்மா, பார்க்கிறேன்" என்றேன்.

முதல் பிரதியைப் பிரித்தேன். ஐம்பதாவது பக்கத்தில் நான் இருந்தேன். பெயர் வேறு, ஆனால் என் மூக்குப்பொடி டப்பி, நான் கண்ணாடியைத் துடைக்கும் விதம், ஒருவரை மட்டம் தட்டுவதற்கு முன் நான் கனைத்துக்கொள்ளும் கனைப்பு எல்லாம் இருந்தன. நேர்மை என்ற பெயரில் பொறாமையை விற்கிறவன் என்று என்னை ஒரு முழு அத்தியாயத்துக்கு எழுதியிருந்தான். நன்றாகவே எழுதியிருந்தான். அவன் எழுதியதில் அவ்வளவு வேகமான பக்கங்கள் வேறு கிடையாது. இரண்டாம் பிரதியில் அந்தப் பாத்திரம் இளைத்துவிட்டது. கனைப்பு மட்டும் மிஞ்சியிருந்தது. மூன்றாம் பிரதியில் அவன் இல்லை. அவன் இருந்த இடத்தில் வாசகசாலை வாசற்படியில் இரண்டு நண்பர்கள் மழைக்கு ஒதுங்கி நிற்கிற ஒரு சிறிய காட்சி இருந்தது.

மூட்டையைக் கட்டி அலமாரியில் வைத்தேன். அதற்குப் பிறகுதான் கோடை விடுமுறைக்குப் பையன் வந்து, முதல் பிரதியில்தான் உண்மை இருக்கிறது என்றான். முள் ஏன் தங்கியது என்று இப்போது தெரிகிறதல்லவா? அவன் சொல்வது சரியானால் என் நண்பன் நாற்பது வருஷம் என்னை வெறுத்துக்கொண்டே என்னோடு வெற்றிலை போட்டிருக்கிறான். மழைக் காட்சி வெறும் மேக்கப்.

இதற்கு விடை தேடியபோது எனக்கு உதவியது அந்த இசைத்தட்டில் இன்னொரு பகுதி. 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை' என்று அதற்குப் பெயர். ரைட்டின் படைப்பு. மரணத்தைப் பற்றியது. 1972-ல் மேடைகளில் வாசித்தபோது அதற்கு 'மரணப் பகுதி' என்ற பொருளில் பெயர் வைத்திருந்தார்கள். ஆர்கன் வாத்தியத்தின் மேல் பைபிள் வாசகங்களும், மால்கம் மக்கரிட்ஜ் என்ற பத்திரிகையாளரின் பேச்சும் ஒலிநாடாவிலிருந்து ஓடின. அதில் ஒரு கேலி இருந்தது. பிறகு அந்தக் குரல்களை எடுத்துவிட்டு, விண்வெளி வீரர்கள் பூமியோடு பேசும் வானொலிப் பேச்சை வைத்துப் பார்த்தார்கள். அதுவும் நிற்கவில்லை. 1973 ஜனவரியில் கிளேர் டோரி என்ற பாடகியை ஆபி ரோடு பதிவு நிலையத்துக்கு அழைத்தார்கள். வார்த்தை எதுவும் கொடுக்கவில்லை. அந்தப் பெண் வார்த்தையில்லாமலே பாடினார். பாடினார் என்பதைவிடக் கதறினார், பிறகு அடங்கினார் என்று சொல்லலாம். கேலியில் தொடங்கியது, ஆகாயத்துக்குப் போய்ச் சுற்றிவிட்டு, கடைசியில் ஒரு பெண்ணின் தொண்டைக்கு வந்து சேர்ந்தது.

கேலி பொய்யா? இல்லை. 1972-ல் அவர்கள் உண்மையாகத்தான் கேலி செய்தார்கள். ஆனால் மரணத்தைப் பற்றி அவர்களுக்குச் சொல்ல இருந்தது அந்தக் கேலி அல்ல என்று செய்யச் செய்யத் தெரிந்துகொண்டார்கள். முதலில் தோன்றியதும் உண்மை. அதைக் கடந்து வந்ததும் உண்மை. இரண்டில் எதற்கு ஒரு மனிதனைப் பொறுப்பாக்குவது என்று கேட்டால், அவன் வந்து சேர்ந்த இடத்துக்குத்தான் என்பேன்.

அதோடு முடிந்துவிட்டது என்று நான் நிம்மதியாக உட்கார்ந்தபோது பையன் மிச்சக் கதையையும் சொன்னான். அன்றைக்கு கிளேர் டோரிக்குக் கிடைத்த கூலி 30 பவுன். அந்த இசையை ஆக்கியவர் என்று ரைட்டின் பெயர் மட்டுமே அச்சாயிற்று. 2004-ல் அந்த அம்மாள் வழக்குத் தொடுத்து, 2005-ல் சமாதானம் ஏற்பட்டு, அதன் பிறகே அவர் பெயரும் சேர்ந்தது. முடிந்த பிரதி எவ்வளவு அழகாக இருந்தாலும் அதற்குள் ஒரு கடன் மறைந்து கிடக்கலாம். வழுவழுப்பு எல்லாம் கருணையாகிவிடாது. சில வழுவழுப்பு வெறும் மறைப்பு.

அப்படியானால் முதல் பிரதியைப் பார்க்கத்தான் வேண்டும். டெமோ எதற்கு என்ற கேள்விக்கு என் விடை இதுதான்: முடிந்த பொருளின் விலை என்ன என்பதை அது காட்டுகிறது. என்னென்ன தள்ளப்பட்டது, யார் யார் உழைத்தார்கள், எந்தக் கோபம் விழுங்கப்பட்டது என்பதெல்லாம் முடிந்த தட்டில் தெரிவதில்லை. மூன்றாம் பிரதியை மட்டும் படித்திருந்தால் மழைக்கு ஒதுங்கிய நண்பர்களைப் பார்த்து, இனிமையான காட்சி என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருப்பேன். முதல் பிரதியையும் படித்ததனால், அந்த இரண்டு பக்கத்தை எழுத அவனுக்கு என்ன செலவாயிற்று என்று எனக்குத் தெரியும். அவன் தான் எழுதியவற்றிலேயே மிகச் சிறந்த அத்தியாயத்தைக் கிழித்திருக்கிறான். எழுத்தாளன் மன்னிப்பதென்றால் அதைவிடப் பெரிய மன்னிப்பு வேறில்லை.

இதில் எனக்கும் ஒரு சுயநலம் உண்டு என்பதை மறைக்கவில்லை. என்னைக் கிழித்த பக்கங்கள் அச்சேறக் கூடாது என்று முடிவு செய்கிறவன் நானே. நீதிபதியும் குற்றவாளியும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆகையால் நான் தனியாக முடிவு செய்யவில்லை. நண்பன் மனைவியை வரவழைத்து, ஐம்பதாவது பக்கத்தைப் பிரித்து அவள் கையில் கொடுத்தேன்.

அவள் நிதானமாகப் படித்தாள். கண்ணாடியைக் கழற்றினாள்.

"இது நீங்கதானே அண்ணா?"

"ஆமாம் அம்மா. நான்தான். உள்ளது உள்ளபடி எழுதியிருக்கிறான்."

"எனக்கு இது தெரியும்" என்றாள். "இதை எழுதின அன்னிக்கு ராத்திரி அவர் தூங்கலை. மழை வர்றதை எழுதின அன்னிக்கு நல்லாத் தூங்கினார்."

மூன்றாம் பிரதி அச்சுக்குப் போயிருக்கிறது. முதல் பிரதியைக் கொளுத்தவில்லை, அவளும் கேட்கவில்லை. அது அவள் பெட்டியில் இருக்கிறது. அவனுக்குப் பின்னால் வருகிற யாராவது ஒரு நாள் அதைத் தேடி எடுத்து, இதில்தான் உண்மை இருக்கிறது என்று சொல்லலாம். சொல்லட்டும். அப்போது மற்ற இரண்டு பிரதிகளும் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பதுதான் என் பிரார்த்தனை.

பையனுக்கு இதையெல்லாம் நான் சொல்லவில்லை. அடுத்த விடுமுறைக்கு வரும்போது அந்தக் கொட்டகைப் பாட்டை இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்கப் போகிறேன்.